பெயர் எழுத வேண்டியதில்லை

பத்தொன்பது வருடம் நான் மற்றவர்களின் விடுப்புக் கடிதங்களைப் படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பணியாளர் பிரிவில் எனக்கு வேலை. ஆசிரியர்களைத் தவிர மற்ற எல்லாருடைய விடுப்பும் என் மேஜை வழியாகத்தான் போகும். எழுத்தர், ஓட்டுநர், ஆய்வக உதவியாளர், துப்புரவுப் பெண்கள், எல்லாரும். கல்யாணம், காய்ச்சல், காதுகுத்து, கருமாதி, காரணம் எதுவானாலும் இரண்டு வரிதான் எழுதுவார்கள். அந்த இரண்டு வரியை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, கையெழுத்தைக் கண்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் எனக்கு. இதை ஒரு திறமையாக நான் நினைத்ததே இல்லை. ஒரே நாற்காலியில் அவ்வளவு காலம் உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம், மேலாண்மைத் துறையிலிருந்து ஒரு இளம் பெண் விரிவுரையாளர் கையில் ஒரு கட்டுத் தாள்களோடு வந்தார். ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழக ஊழியர்களுக்கு வேலையில் திருப்தி எதனால் வருகிறது, எதனால் போகிறது என்பதுதான் தலைப்பாம்.

"டீச்சிங் ஸ்டாஃப் எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். மத்தவங்ககிட்ட நான் போனா பேசவே மாட்டேங்கிறாங்க. நீங்க குடுத்தா எழுதுவாங்கன்னு சொன்னாங்க."

தாளைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். கடைசியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதவும்' என்று போட்டிருந்தது. மேலே தடித்த எழுத்தில், 'பெயர் எழுத வேண்டியதில்லை.'

சரி என்றேன். மறுக்கும் அளவுக்குக்கூட எனக்குத் தெம்பு இருக்காது அந்த நேரத்தில்.

அடுத்த ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டடம் கட்டடமாகப் போனேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "பேர் போடணுமாக்கா?" வேண்டாம் என்றேன். "யாருக்கும் தெரியாதுல்ல?" தெரியாது என்றேன். ஐம்பது அறுபது தடவை அந்த வாக்கைக் கொடுத்திருப்பேன். சிவகாசியிலிருந்து பஸ் ஓட்டி வருகிற ஓட்டுநர் ஒருவர், கேள்வியைப் பார்க்காமலே முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போனார். "படிச்சிட்டுப் போடுங்கண்ணே" என்றேன். "எம்புட்டுக் கேள்விக்கா! நல்லாத்தான் இருக்கேன்னு போட்டுக்கோங்க. ஒரு பய கேக்கலைல்ல இம்புட்டு நாளா" என்று சிரித்தார்.

துப்புரவுப் பெண்களில் சிலருக்கு வாசிக்கத் தெரியாது. வேப்பமரத்தடியில் அவர்களை உட்கார வைத்து நானே கேள்விகளைப் படித்தேன். 'உங்கள் பணியை மேலதிகாரி பாராட்டுகிறாரா?' ஆமத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"குப்பைய அள்ளிட்டா யாருக்கா பாராட்டுவாக? ஒரு நா அள்ளாம விட்டுப் பாருங்க, அப்பத்தான் நாம இங்கன இருக்கோம்னே அவுகளுக்குத் தெரியும்."

'வேறு வேலை கிடைத்தால் போய்விடுவீர்களா?' என்ற கேள்விக்கு அவளே கொஞ்சம் யோசித்தாள். அவள் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். "அங்க இருந்தப்ப கையெல்லாம் வெள்ளிக் கணக்கா மினுங்கும்க்கா. எம்புட்டுத் தேய்ச்சாலும் போவாது. வீட்டுக்குப் போயிப் பிள்ளையத் தூக்கவே பயமா இருக்கும். இங்கன கை மட்டும் நாறும், அம்புட்டுதானே. போக மாட்டேன்னு போடுங்க."

போட்டேன். கேள்வி போட்டவர் இதையெல்லாம் ஐந்து கட்டத்துக்குள் எப்படி அடைப்பார் என்று தெரியவில்லை.

எங்கள் அறையிலும் தாள் கொடுத்தேன். என் பக்கத்து மேஜையில் ஒரு தம்பி இருந்தார். மல்லாங்கிணற்றுக்காரர். ஊரில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிற மானாவாரி நிலம். அப்பா இறந்த பிறகு அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். தினமும் பஸ்ஸில் வந்துபோனார். பதினோரு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். என் கணினி மக்கர் செய்தால் எழுந்து வந்து சரிசெய்வார். என்னை அக்கா என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு குறைவு. அவர் தாளை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சேகரிப்புப் பெட்டியைத் திறந்து தாள்களை அடுக்கினேன். அநேகமாக எல்லாரும் நடுக்கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தார்கள். கடைசிப் பக்கம் காலியாகவே இருந்தது. ஒரே ஒரு தாளில் மட்டும் வெற்றிடம் முழுக்க நிரம்பி, பின்பக்கமும் எழுதியிருந்தது.

'என் அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று வீட்டிலிருந்து போன் வந்தது. போக அனுமதி கேட்டேன். மதியத்துக்குள் சென்னைக்குப் போக வேண்டிய பட்டியல் இருக்கிறது, முடித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். முடித்துவிட்டுப் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் அப்பா போய்விட்டார். அதிகாரிமேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வேலை அப்படி. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று அந்த அறையில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. இந்தத் தாளில் சம்பள உயர்வு, இருக்கை வசதி, காற்றோட்டம் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.'

முதல் வரியிலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. மூன்றாவது வரியில் அந்த நாளும் தெரிந்துவிட்டது.

அந்த அறையில் அன்று நான்கு பேர் இருந்தோம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அவரும் நானும். அவர் போனை வைத்துவிட்டுப் பிரிவு அதிகாரியிடம் போய் நின்றதைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்ததையும் பார்த்தேன். என் மேஜையில் அன்றைக்கு என் வேலை மலைபோல் கிடந்தது. மகளுக்கு மறுநாள் பரீட்சை, ஐந்து மணி பஸ்ஸை விடக்கூடாது என்ற நினைப்பு வேறு. "சீக்கிரம் முடிச்சிருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். அதை ஆறுதல் என்றுதான் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அது எனக்கு ஒரு விஷயமாகவே நினைவில் இல்லை.

தாளை மடித்து மற்ற தாள்களுக்கு நடுவே செருகி, கட்டை அந்த விரிவுரையாளரிடம் கொடுத்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. எங்கள் வளாகமே வெள்ளையடித்துக்கொண்டு நின்றது. ஊழியர்களிடம் கருத்துக் கேட்டதற்கு ஆதாரம் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஏற்கெனவே வாங்கிய தாள்கள் இருக்கிறதே என்று யாரோ நினைவூட்ட, பதிவாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் அன்று சாயந்தரம் என்னிடம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தர மாட்டேன்னு சொல்ல முடியல மேடம். எனக்கு வர்ற ஜூன்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்."

"உங்க மேல தப்பில்லம்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பதிவாளர் என்னை அழைத்தார். அவர் இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அந்தத் தாள் அவர் மேஜைமேல் தனியாக இருந்தது.

"உட்காருங்க மேடம். இது யார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பேர் இல்லையே சார்."

"பேர் இல்லைங்கறது தெரியும். யாரையும் தண்டிக்கறதுக்குக் கேக்கலைங்க. குழு வந்தா ஊழியர்களைத் தனியா கூப்பிட்டுப் பேசுவாங்க. அவங்க முன்னாடி இவர் இதையெல்லாம் சொல்லிட்டார்னா நல்லா இருக்குமா? அந்த மூணு நாளும் இவருக்கு லீவு குடுத்துட்டா பிரச்சினை இல்லை."

அன்றைக்கு அரை நாள் கிடைக்காத ஆளுக்கு இப்போது கேட்காமலே மூன்று நாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைப்பாகத்தான் இருந்தது.

"கையெழுத்து அடையாளம் தெரியல சார்" என்றேன்.

அவர் தாளை ஒதுக்கி வைத்தார். "சரி, விடுப்புப் பதிவேடு உங்ககிட்டதானே இருக்கு. அப்பா இறந்ததுக்கு லீவு எடுத்தவங்க யார் யார்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க. மதியத்துக்குள்ள குடுத்துடுங்க."

திரும்பி வந்து பதிவேடுகளைப் பிரித்தேன். பக்கத்து மேஜையில் தம்பி தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக இத்தனை பழைய பதிவேட்டை இறக்கியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமாகப் புரட்டினேன். எத்தனை அப்பாக்கள்! ஓட்டுநரின் அப்பா, தோட்டக்காரரின் அப்பா, நூலக உதவியாளரின் அப்பா. அவர்கள் எழுதிய இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று என் கையெழுத்து. ஒருவரிடமாவது 'எப்படி இருக்கீங்க' என்று பிறகு கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை.

பட்டியலில் அவர் பெயரை விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் யாராவது பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால், விட்ட பெயரே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எல்லாரையும் எழுதினேன். எழுதுவதற்கு முன் மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன். கடைசியில் அதில் என் பெயரை எழுதினேன்.

பொய்யில்லை. என் அப்பாவும் இறந்தார். ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். நான் கூடவே இருந்தேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அடக்கத்துக்குத்தான் விடுப்பு எழுதினேன்.

பதிவாளர் பட்டியலை வாங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"உங்க பேரும் இருக்கே."

"ஆமா சார். எங்க அப்பாவும் தவறிட்டாங்க."

"இதை எழுதினது நீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. "நானும் எழுதியிருக்கலாம் சார்" என்றேன்.

அவர் தாளை இழுப்பறையில் வைத்து மூடினார். "குழு வர்ற மூணு நாளும் நீங்க லீவுல இருங்க. உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். என் கணவர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டுகிறவர். காலண்டர் சீசன் என்பதால் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. "நீ என்னத்துக்கு உன் பேரப் போட்ட? அவன் எழுதினா அவன் பாத்துக்கிட மாட்டானா?" என்றார். முதல் நாள் வீட்டை ஒதுங்க வைத்தேன். இரண்டாம் நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள் சாயந்தரம்தான் எழுந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பகலில் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அலுப்பு எனக்குள் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

குழு வந்து போனது. நல்ல மதிப்பீடு கிடைத்தது என்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எனக்கு ஓர் ஆணை வந்தது. 'நிர்வாக நலன் கருதி' என்னைப் பழைய ஆவண அறைக்கு மாற்றியிருந்தார்கள். நூலகக் கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில், ஒரு ஜன்னல். வருடக்கணக்கான கோப்புகள். என் நாற்காலியையும் விடுப்புப் பதிவேட்டையும் பக்கத்து மேஜைத் தம்பியிடம் கொடுத்தார்கள். சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தபோது, "அக்கா..." என்று ஆரம்பித்தார். பியூன் உள்ளே வந்தார். பேச்சு அதோடு நின்றுபோனது.

அந்த அறையில் முதல் ஆறு மாதம் எனக்கு மனசே ஒட்டவில்லை. பொய் சொல்வானேன், வருத்தமாகத்தான் இருந்தது. யாருக்காகச் செய்தேனோ அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பார்த்தால் தலையை ஆட்டுவார், ஆமத்தூர் தாண்டுவதற்குள் கண்ணை மூடிக்கொள்வார். தெரிந்தே தவிர்க்கிறாரா, தெரியாமலா என்று நான் தினமும் யோசித்தேன். வேலையில் என்னைத் தின்றது அந்த யோசனைதான். தூசியோ தனிமையோ பெரிதாகத் தெரியவில்லை. அந்த விரிவுரையாளரும் ஜூன் மாதத்தோடு வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். ஆய்வை முடித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் ஒரு நாள், வளாகமே காலியாக இருந்தபோது, தம்பி வந்தார். கையில் ஒரு கோப்பு. அதைக் கொடுக்காமல் வாசலிலேயே நின்றார்.

"உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பதிவேட்டு அலமாரியில அந்தப் பட்டியலோட நகல் இருந்துச்சுக்கா. சீட்டுக்கு வந்த மொத வாரமே பாத்துட்டேன்."

"மொத வாரமேயா?"

"ஆமா. மேல உங்க பேரப் பாத்ததும் புரிஞ்சிருச்சு. வந்து பேசணும்னு தெனமும் நெனைப்பேன். முகத்தப் பாக்கத் தெம்பில்ல. போயிச் சொல்லிருவமா, நாந்தான் எழுதுனேன்னு? அதுவும் நெனச்சேன். பயந்துட்டேங்க்கா. அம்மா இருக்காக, ரெண்டு பிள்ளைக."

அவரே தொடர்ந்தார்.

"யாரும் சொல்லலன்னு எழுதியிருந்தேன்ல... அது உங்கள நெனச்சுத்தான் எழுதினேன்."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சா உங்க பேரப் போட்டீக?"

"தெரிஞ்சதுனாலதான்."

கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். நான் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து வைத்தேன். அன்றைக்கே எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை எத்தனையோ வருடம் கழித்துச் சொன்னேன். "அன்னைக்கு நான் முடிச்சுக் குடுத்திருக்கலாம். எனக்கு என் வேலைதான் பெருசாத் தெரிஞ்சது. மன்னிச்சிருங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை. போகும்போது, "ஆனி மாசம் அப்பா திதி வருதுக்கா. வருவீகளா?" என்றார்.

போனோம், நானும் என் கணவரும். திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஆராதனை முடிந்து விருதுநகரிலிருந்து பஸ் பிடித்தோம். மல்லாங்கிணற்றில் வெயில் கொளுத்தியது. காய்ந்த கரிசல் நிலத்தை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. சாமி கும்பிட்டு முடித்திருந்தார்கள். இலை போட்டு உட்கார வைத்தார்கள். தம்பி தானே பரிமாறினார். அவருடைய அம்மா என் எதிரில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்களும் அங்கனதான் வேல பாக்கீகளா?"

"ஆமாம்மா."

"அவுக அப்பா போனப்ப இவன் வர்றதுக்கு நேரமாயிப் போச்சு. பஸ்ஸு கெடைக்கலன்னு சொன்னான். மத்தியானத்துல பஸ்ஸு இல்லாத ஊரு. அவன் என்ன செய்வான்?" கொஞ்சம் நிறுத்திக் கேட்டார், "எம்மவன அங்கன நல்லாப் பாத்துக்கிடுறாகளா?"

குழம்பு வாளியோடு நின்ற தம்பி தரையைப் பார்த்தார். அம்மாவிடம் அவர் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுறாங்கம்மா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைலே" என்றார் அம்மா. தம்பி வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.